கூண்டுக்கு அடியில் சேரும் மருந்து

கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் வளர்ப்பவர்கள், நோய் கண்ட மீனை மட்டும் தனியே பிடித்து வைத்தியம் பார்க்க முடியாது. ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து கூண்டு முழுக்கக் கொட்டுகிறார்கள். நோயுற்ற மீனுக்கோ பசியே இருப்பதில்லை. பெரும்பாலும் தின்பது நல்ல மீன்தான். மிச்சத் தீவனமும் கழிவும் அடியில் உள்ள சேற்றில் படிகின்றன. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மீன் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். சேற்றில் கூடி வாழும் பாக்டீரியாக்களில் மருந்தைத் தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக அந்த எதிர்ப்பு மரபணுவை வேற்று இனங்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. குளிர்நீர்க் கிருமி மனித உடலின் சூட்டில் பிழைக்காதே என்று கேட்கலாம். பல கிருமிகளுக்கு அது உண்மை. ஆனால் கிருமி வர வேண்டியதில்லை, மரபணு கைமாறி வந்தாலே போதும்.

மருந்தில்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்பார்கள். நார்வே 1987-ல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவழித்தது. பிறகு, கடலில் விடுமுன்பே ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இன்று 10 லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் வளர்க்கும் அந்நாட்டுக்கு ஆண்டுக்கு ஒரு டன் மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. சிலியிலோ இன்னும் நூற்றுக்கணக்கான டன். அங்கே முதல் எதிரியான பிசிரிக்கெட்சியா என்ற பாக்டீரியா மீனின் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் தடுப்பூசி அவ்வளவாகப் பலிப்பதில்லை. இது நியாயமான மறுப்பு. ஆனால் நார்வே ஊசியை மட்டும் நம்பவில்லை. பண்ணைகளைத் தள்ளித் தள்ளி அமைத்தது, அறுவடைக்குப் பின் இடத்தைச் சில காலம் காலியாகவே விட்டது. இவற்றுக்கு எந்தக் கிருமியும் தடையில்லை.