மன்னார்க் காற்றுக்கு இத்தனை போட்டி

2021 டிசம்பரில் இலங்கைக்கான சீனத் தூதர் சீ சென்ஹொங் வடக்குக்கு வந்தார். வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். பிறகு மன்னாருக்குப் போய், படகேறி இராமர் பாலத்து மணல் திட்டுகளையும் பார்த்தார். அங்கிருந்து தனுஷ்கோடி பக்கம்தான். இந்திய ஊடகங்கள் அதைச் சுற்றுலாவாக எடுத்துக்கொள்ளவில்லை.

லெபனானில் ஈரானுக்கு ஹிஸ்புல்லா இருப்பதுபோல, பாக்கு நீரிணையில் சீனாவுக்கு ஆயுதக் குழு ஏதும் கிடையாது. இங்கே செல்வாக்கு கேள்விப்பத்திரத்தில் வருகிறது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றிலும் சூரிய ஒளியிலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கிடைத்தது. பணம் என்னவோ ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் சீனரா என்று இந்தியா மறுப்புச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில், ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை நன்கொடையாகவே செய்து தர இந்தியா கையெழுத்திட்டது. ஒப்பந்தக்காரரை விரட்ட இனாமாகக் கொடுப்பது: செலவு பிடித்த வழி, ஆனால் பலித்தது.

மன்னாரில் அப்படிப் பலிக்கவில்லை.

அங்கே இறங்கியது இந்தியாவின் அதானி குழுமம். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலைகள், 44.2 கோடி டொலர் முதலீடு. போட்டி விலைமனு இல்லாமலே கைமாறிய திட்டம் இது. 2022 ஜூனில் இலங்கை மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ, மோடியின் அழுத்தத்தால் அதை அதானிக்குக் கொடுக்கும்படி ஜனாதிபதி கோட்டாபய சொன்னதாக நாடாளுமன்றக் கோப் குழுவில் போட்டு உடைத்தார். கோட்டாபய மறுத்தார், தலைவரும் சொன்னதை மீளப் பெற்றுக்கொண்டு பதவி விலகினார். பேச்சு மட்டும் ஊரில் நின்றுவிட்டது.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரிலிருந்தே மின்சார சபையின் ‘தம்பபவனி’ சுழல்கிறது: 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். அவற்றுக்காகப் போட்ட வீதிகள் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதை மறிக்கின்றன, கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்பது ஊரவரின் முறைப்பாடு. அதற்குப் பதில் கிடைக்குமுன் இன்னும் 52 கோபுரங்கள் என்றால்? வங்காலைச் சரணாலயத்துக்கு வலசை வரும் பறவைகளின் பாதையும் இதுவே. சூழலியலாளரோடு மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் போனார்.

கடைசியில் விலையே திட்டத்தை முடித்தது. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் தர முந்தைய அரசு ஒப்பியிருந்தது. அநுர குமார திசாநாயக்க அரசு அது அதிகம் என்று மறுபேச்சுக்கு அழைத்தது. 2025 பெப்ரவரியில் அதானி விலகினார். பெய்ஜிங் இதில் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. அயலாரை மறித்த டெல்லி, அந்த ஊர்க்காரரைக் கேட்க மறந்ததுதான் இதில் பெரிய ஓட்டை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னாரில் மறுபடியும் மறியல் தொடங்கியது. இம்முறை கோபுரம் நட வந்தவை உள்நாட்டு நிறுவனங்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டம்பர் 26 இரவு உபகரண வாகனங்களுக்குக் காவல் வந்த பொலிசாரோடு மக்கள் மோதினார்கள்.