மோகனுக்கு இன்று வந்தால் 12 மாதத்தில் குணம்! ‘ரத்தக்கண்ணீரை’ மறுபடி படமெடுத்தால் எதை மாற்றுவது?

பணக்கார வாலிபன். சீமையில் படித்தவன். வாயைத் திறந்தால் கிண்டல். கட்டிய மனைவியை விட்டுவிட்டுத் தாசி வீடே கதி என்று கிடந்தான். சொத்து போனது. குஷ்டம் வந்தது. தெருவில் பிச்சைக்கு நின்றான்.

‘ரத்தக்கண்ணீர்’ மோகனின் கதை இது. திருவாரூர் கே.தங்கராசு எழுதிய இந்த நாடகத்தை ஊர் ஊராக நடத்தி ஜனங்களைச் சிரிக்கவும் அழவும் வைத்தார் நடிகவேள் எம்.ஆர்.ராதா. 1954-ல் அது படமாக வந்தது.

இந்தக் காலத்து ரசிகர்களுக்காக யாராவது அதை மறுபடி எடுத்தால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வசனத்தில் அல்ல, வியாதியில்!

மேடை வேறு, கேமரா வேறு

மேடையில் ராதாவுக்குக் கடிவாளம் கிடையாது. காலைப் பேப்பரில் வந்த சேதி ராத்திரி நாடகத்தில் கிண்டலாக வந்து விழும். நேற்றுப் பேசியது அப்படியே இன்று வராது.

படச்சுருளில் அது நடக்காது. ஒரு தடவை பேசினால் பேசியதுதான்!

‘பராசக்தி’ எடுத்த பி.ஏ.பெருமாளும் டைரக்டர்கள் கிருஷ்ணன்-பஞ்சுவும் என்ன செய்தார்கள்? தங்கராசுவையே வசனம் எழுத வைத்தார்கள். ராதாவே மோகன். தாசி காந்தாவாக எம்.என்.ராஜம், மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். பாட்டும் நடனமும் சேர்ந்தன. கேமரா கிட்டே போனது. தரை டிக்கெட்காரனும் மோகனின் முகத்தை அருகில் பார்த்தான்.

சரக்கு இன்னும் விலை போகிறது. தெலுங்கு மேடையில் நாகபூஷணம் இதே நாடகத்தால் பேர் வாங்கினார். 2003-ல் கன்னடத்தில் உபேந்திரா நடித்துப் படம் வந்தது.

பாவத்துக்குத் தண்டனையா?

தப்பு செய்தான், குஷ்டம் வந்தது. கதையின் அச்சாணி இதுதான். ஆனால் டாக்டர்கள் சொல்வது வேறு.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-லேயே நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். தாசி வீட்டுக்குப் போவதால் வருவதல்ல. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால் மூக்கு, வாய் வழியாகத் தொற்றலாம். பெரும்பாலோருக்கு உடம்பிலேயே எதிர்ப்பு சக்தி உண்டு. யோக்கியனுக்கும் வரும், அயோக்கியனுக்கு வராமலும் போகும்!

மோகன் மேடையில் தள்ளாடிய அதே காலத்தில், வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். படம் வந்த மறு வருஷம், 1955-ல், செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியை மத்திய அரசு எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது.

கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் சிபாரிசு செய்தது. கிருமி குறைவாக இருந்தால் 6 மாதம், அதிகமானால் 12 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

பயம் மட்டும் போகவில்லை

2023-லும் நாட்டில் 1 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் ஒதுக்கிவிடும் என்று பலர் மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் கையும் காலும் பாழாகின்றன. 2019 வரை இந்த நோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கச் சட்டமே இடம் தந்தது. அந்த ஆண்டில்தான் 5 சட்டங்களிலிருந்து அதை நீக்கினார்கள்.

என்ன வழி?

குஷ்டத்தை எடுத்துவிட்டு எய்ட்ஸை வைக்கலாமே என்று தோன்றும். அது பழைய தப்புக்குப் புதுச் சட்டை! இன்னொரு நோயாளியின் தலையில் பழி விழும்.

வியாதி இல்லாமலே மோகன் வீழ்வான். மடியில் பணம் தீர்ந்ததும் காந்தா கதவைச் சாத்துகிறாள். அந்த அடி ஒன்று போதாதா? வியாதியும் வேண்டுமென்றால், குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது அவனைக் கண்டு ஓடும் ஊர்.

மாற்றவே கூடாதது கடைசிக் கட்டம். தன்னால் வாழ்விழந்த மனைவியை நண்பனுக்கே மணமுடித்து வைக்கிறான் மோகன். 1954-ல் அதைத் திரையில் காட்டத் துணிச்சல் வேண்டும். இன்றும் வேண்டும்!

தன் கோலத்தையே சிலையாக வைத்து ஊருக்குப் பாடம் சொல்லச் சொன்னான் மோகன். சிலை இருக்கட்டும். பாடத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்: உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது பாவம் அல்ல, வெறும் கிருமி!