பாதிக் கண் திறந்த கார்

முகப்பு விளக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் ஒரு புறம் சொல்ல, காற்றின் தடையைக் குறைக்க வேண்டுமானால் காரின் மூக்கு தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று இயற்பியல் மறுபுறம் சொல்ல, இந்த இழுபறிக்கு நடுவே ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைப்பாளர்கள் கண்ட சமரசமே ‘பாப்-அப் ஹெட்லைட்’ எனப்படும் எழும்பும் விளக்கு. பகலில் பானெட்டின் பரப்போடு பரப்பாக மூடிக் கிடக்கும் அது, இரவில் சுவிட்சைப் போட்டதும் தன் மூடியையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து சாலையைப் பார்க்கும். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல்கள் முதல், கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை ஆகிய மூன்றையும் ஒரே உறைக்குள் அடைத்த, 7 அங்குல விட்டமுள்ள ‘சீல்டு பீம்’ என்ற வட்ட விளக்கே பொது அளவாக விதிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் வேறு சில அளவுகளும் வடிவங்களும் அனுமதிக்கப்பட்டன என்றாலும், ஆப்பு போலக் கூர்ந்த மூக்கில் அவற்றுக்கு நிரந்தரமான இடம் ஒதுக்குவது கடினமாகவே இருந்தது.

இந்த ஏற்பாடு 1936ஆம் ஆண்டு மாடலான கோர்ட் 810 காரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் ஓட்டுநர், டேஷ்போர்டின் இரு முனைகளிலும் இருந்த கைப்பிடிகளைச் சுழற்றி விளக்குகளை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. 1962இல் வந்த பிரிட்டனின் லோட்டஸ் எலான், எஞ்சின் உறிஞ்சும் காற்றால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு விளக்குகளை இயக்கியது. குழாயில் எங்கேனும் காற்றுக் கசிந்தால் விளக்கு முழுதாக நிமிராமல், தூக்கம் தாங்காத குழந்தையின் கண்ணைப் போலச் சொருகி நிற்கும். அன்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்ட இந்தக் கோளாறுதான், பின்னாளில் காசு கொடுத்து வரவழைத்துக்கொள்ளும் அலங்காரமாக ஆனது என்பது இத்துறையின் வேடிக்கை.

அந்த அலங்காரத்துக்கு ‘ஸ்லீப்பி ஐ’, அதாவது தூங்கும் கண் என்று பெயர். விளக்கை முழுதாக மூடாமலும் முழுதாகத் திறக்காமலும் பாதியில் நிறுத்தும்போது, மூடியின் விளிம்பு கனத்த இமை போல விளக்கின் மேற்பாதியை மறைக்க, காருக்குச் சோம்பலும் முறைப்பும் கலந்த ஒரு முகபாவம் வந்துவிடுகிறது. டொயோட்டா ட்ரூயெனோ, நிஸ்ஸான் 180எஸ்எக்ஸ் போன்ற ஜப்பானியக் கார்களில் இது பரவலாகச் செய்யப்பட்டாலும், செய்முறையைப் புரிந்துகொள்ள மிகவும் ஏற்றது, எலானை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டு 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5.

அதன் பானெட்டைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே ஒரு சிறிய மின் மோட்டார் இருப்பதும், அதன் அச்சில் ஒரு குட்டைக் கரம் பொருத்தப்பட்டிருப்பதும், அக்கரத்தின் நுனியிலிருந்து புறப்படும் இணைப்புக் கம்பி விளக்குச் சட்டத்தைப் பிடித்திருப்பதும் தெரியும். விளக்கை எழுப்ப ஒரு திசையிலும் இறக்க எதிர்த் திசையிலும் மோட்டார் சுழல்வதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது எப்போதும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. கரம் அரை வட்டம் சுற்றினால் கம்பி தள்ளப்பட்டு விளக்கு எழும்புகிறது, அடுத்த அரை வட்டத்தில் கம்பி இழுக்கப்பட்டு விளக்கு படுக்கிறது. அரை வட்டம் முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் வேலையை, மோட்டாருக்குள்ளேயே இருக்கும் ‘எல்லை சுவிட்ச்’ பார்த்துக்கொள்கிறது. இரு எல்லைகளிலும் கரமும் கம்பியும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து நிற்பதால், காற்று எவ்வளவு அழுத்தினாலும் அந்த விசை கரத்தைச் சுழற்றாமல் அச்சின் மேலேயே விழுகிறது. விளக்கு அசையாமல் நிற்பதன் சூட்சுமம் இதுதான்.

பாதிக் கண் என்பது இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில், இயந்திரம் நிற்பதற்கென்று உருவாக்கப்படாத ஓரிடத்தில் அதை நிறுத்துவதாகும். செலவில்லாத வழி, பேட்டரி இறங்கிவிட்டால் கையால் விளக்கை எழுப்புவதற்காக மோட்டாரில் ரப்பர் மூடிக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கும் குமிழைத் திருகுவது. அதற்குரிய ஃப்யூஸை முதலில் கழற்றிவிட வேண்டும். மோட்டார் திடீரென இயங்கினால் விரல் நசுங்கும். ஃப்யூஸைத் திரும்பப் போட்டதும் மோட்டார் தன் எல்லையைத் தேடிப் போய்விடும் என்பதால், இது காட்சிக்கு நிற்கும் காருக்கே உதவும். இரண்டாவது வழி, இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய திருகுக் கம்பியைப் பொருத்துவது. சந்தையில் அதிகம் விற்பதும், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுவே. கம்பியை நீட்டினால் படுத்த நிலை பாதிக் கண்ணாக மாறும். ஆனால் கரத்தின் அரை வட்டம் மாறாததால் நிமிர்ந்த நிலையும் கூடவே தள்ளிப்போகும். அப்போது ஒன்று ஒளி வானத்தைப் பார்க்கும், அல்லது விளக்குச் சட்டம் தடுப்பில் முட்டி மோட்டார் திணறும்.

இது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். விளக்கின் கோணம் 1 பாகை உயர்ந்தால், 25 மீட்டர் தொலைவில் ஒளியின் மேல்விளிம்பு ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் மேலேறிவிடும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்ய அதுவே தாராளம். பாதியில் நின்ற விளக்கை எரியவிட்டாலோ நிலைமை நேர் எதிர்: எம்எக்ஸ்-5இன் மூடி பின்புறம் கீல் வைத்து முன்விளிம்பு எழும்பும் வகையைச் சேர்ந்தது ஆகையால், பாதி எழும்பிய விளக்கு குனிந்து பம்பருக்கு முன்னால் இருக்கும் தரைக்கே வெளிச்சம் போடுகிறது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கம்பியைத் தொடாமல் மின்சுற்றைத்தான் மாற்றுகிறார்கள். மோட்டாருக்குப் போகும் மின்கம்பியில் ரிலேயும் நேரக் கட்டுப்பாட்டுச் சுற்றும் சேர்த்து, விளக்கு எரியாதபோது மட்டும் பாதியில் நிற்கவும், எரியவிட்டால் தொழிற்சாலை வகுத்த எல்லைக்கே போகவும் செய்துவிடுகிறார்கள். இரு மோட்டார்களுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்தால் கார் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டவும் செய்யும். வழியில் அதே மாதிரிக் காரைக் கண்டால் வணக்கம் சொல்லும் முறையாக இதைப் பயன்படுத்துவோர் உண்டு. பெரிய வட்ட விளக்குக்குப் பதிலாகச் சிறிய புரொஜெக்டர் விளக்கைப் பொருத்தி எழும்பும் உயரத்தைக் குறைப்பதும், பந்தயக் கார்களில் ஒரு விளக்கையே எடுத்துவிட்டு அந்த ஓட்டையை எஞ்சினுக்குக் காற்று தரும் வாயாக்குவதும் வேறு இரு மரபுகள்.

அமெரிக்கா 1983இல் பல்பை மட்டும் தனியே மாற்றக்கூடிய, விரும்பிய வடிவில் வார்த்தெடுக்கும் விளக்குகளை அனுமதித்ததும் எழும்பும் விளக்கின் தேவை குறையத் தொடங்கியது. மோதப்படும் பாதசாரியைக் காயப்படுத்தும் கூரிய முனைகளுக்கு எதிரான ஐரோப்பிய விதிகளும், மோட்டாரின் எடையும் செலவும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 2004இல் ஷெவர்லே கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறையும் லோட்டஸ் எஸ்ப்ரியும் உற்பத்தி நின்றதோடு, பெரிய அளவில் தயாராகும் கார்களில் இந்த விளக்கு மறைந்தது. இன்று காணும் ஒவ்வொரு ஜோடியும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்பதால், முகத்தை எப்படி மாற்ற விரும்பினாலும் கழற்றிய மூலக் கம்பியையும் மோட்டாரையும் எவரும் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.