கம்பளத்தின் மறுபக்கம்

நுழையும்முன்

வட இந்திய நகரங்களில் குளிர்காலம் தொடங்கியதும் பல வீடுகளில் சுருட்டி வைத்த கம்பளம் மீண்டும் தரையில் விரிக்கப்படும். கடைவீதிகளிலும் வண்ண வண்ணக் கம்பளங்கள் தொங்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் விலையில் பல மடங்கு வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகிறது? நல்ல கம்பளத்தைத் தேர்ந்தெடுப்பதும் காப்பதும் எப்படி? அதை நெய்த கைகள் யாருடையவை? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

நிலத்திற்கேற்ற விரிப்பு

தரைவிரிப்பு ஒவ்வொரு நிலத்தின் தட்பவெப்பத்திற்கும் அங்குக் கிடைக்கும் பொருளுக்கும் ஏற்ப அமைந்தது. காசுமீரத்தில் குளிர்காலத்தில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் மிகும். ஆட்டு மயிராலாகிய கம்பளி இழைகளுக்கிடையே காற்று தங்கி நிற்கும். அக்காற்று வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஆகவே, அங்குக் கம்பளம் அழகுப்பொருளாக மட்டுமன்றி வாழ்க்கைத் தேவையாகவும் விளங்குகிறது.

தமிழ்நாட்டில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. அங்குத் தடித்த கம்பளி விரிப்பு உடலுக்கு இதம் தராது. ஆகவே, திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப் பாயும், ஈரோடு மாவட்டத்துப் பவானியில் பருத்தி ஜமக்காளமும் சிறந்து வளர்ந்தன. வட இந்தியாவில் 'தரி' எனப்படுவதும் ஜமக்காளத்தின் இனத்தைச் சேர்ந்ததே. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர், தெலங்கானாவின் வாரங்கல், கர்நாடகத்தின் நவலகுந்து ஆகிய ஊர்களின் தரிகளும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றவை.

ஜமக்காளம் துணியைப் போலத் தட்டையாக நெய்யப்படுவது. அதில் முடிச்சு கிடையாது. கம்பளத்தின் மேற்புறத்திலோ இழைகள் புல்வெளியைப் போல நிமிர்ந்து நிற்கும். அவ்வாறு நிற்பதற்குக் காரணம் முடிச்சுகளே.

முடிச்சுகளால் ஆகும் கம்பளம்

முடிச்சுக் கம்பளக் கலை பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் இந்தியாவிற்கு வந்தது. காசுமீரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் சைனுலாபிதீன் வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. முகலாயப் பேரரசர் அக்பர் ஆக்ரா, பத்தேபூர் சிக்ரி, லாகூர் ஆகிய நகரங்களில் கம்பளப் பட்டறைகளை அமைத்தார். இன்று உத்தரப்பிரதேசத்தின் பதோகி, மிர்சாபூர் வட்டாரம் இந்தியாவின் மிகப் பெரிய கம்பள நெசவுப் பகுதியாகத் திகழ்கிறது. கம்பளத் தொழில்நுட்பம் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனமும் பதோகியில் உள்ளது.

நெசவாளர் முதலில் தறியில் மேலிருந்து கீழாகப் பாவு நூல்களை இழுத்துக் கட்டுவார். பின்னர் இரண்டு பாவு நூல்களைச் சுற்றிக் கம்பளி இழையால் ஒரு முடிச்சு இட்டு, அவ்விழையைச் சிறு கத்தியால் அறுப்பார். இப்படி ஒரு வரிசை முழுவதும் முடிச்சுகளை இட்டபின், குறுக்கே ஊடு நூலைச் செலுத்தி, இரும்புச் சீப்பினால் தட்டி இறுக்குவார். பிறகு அடுத்த வரிசை தொடங்கும்.

எந்த இடத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்பதைக் காட்டக் காசுமீரத்தில் 'தாலீம்' என்னும் குறியீட்டு எழுத்து வழங்குகிறது. நீண்ட தாளில் நிறமும் முடிச்சுகளின் எண்ணிக்கையும் குறியீடுகளாக எழுதப்பட்டிருக்கும். அதனை ஒருவர் இசைபோல உரக்கப் படிக்க, மற்றவர் முடிச்சிடுவதும் உண்டு. பூக்களும் கொடிகளும் நிறைந்த கம்பளம் இவ்வாறு எழுத்திலிருந்தும் குரலிலிருந்தும் உருவாகிறது.

ஒரு கணக்கு

ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சுகள் உள்ளன என்பது கம்பளத்தின் நுட்பத்தைக் காட்டும் அளவாகும். 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உடைய ஒரு கம்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 48 × 72 = 3,456 சதுர அங்குலம். சதுர அங்குலத்திற்கு 200 முடிச்சுகள் என்றால் மொத்தம் 6,91,200 முடிச்சுகள். ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் இடுவதாகக் கொண்டால், முடிச்சிடுவதற்கு மட்டுமே 115 நாள்களுக்கு மேல் ஆகும். நூலுக்குச் சாயமேற்றுதல், நெய்தபின் அலசுதல், மேற்புற இழைகளைச் சமமாகக் கத்தரித்தல் ஆகியவை இக்கணக்கில் சேரா. கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் விலை உயர்ந்திருப்பதற்கு இந்த உழைப்பே முதற்காரணம்.

தேர்ந்தெடுத்தல்

கம்பளம் வாங்குவோர் முதலில் அதன் ஒரு மூலையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மூவகைக் கம்பளங்களையும் பின்புறம் பிரித்துக் காட்டிவிடும்.

1. கையால் முடிச்சிட்டது: மேற்புறத்துப் பூவும் கொடியும் பின்புறத்திலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சிறு புள்ளிகளாக வரிசையில் அமைந்திருக்கும். கைவேலையாதலால் வரிசைகளில் சிறு ஏற்றத்தாழ்வு காணப்படும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூல்களின் முனையே ஆகும்.

2. கைக்கருவியால் இழை செருகியது: இதில் முடிச்சு கிடையாது. துப்பாக்கி போன்ற கருவியால் இழைகளைத் துணியில் செருகிப் பசையால் ஒட்டுவர். பசையை மறைக்கப் பின்புறத்தில் வேறொரு துணியை ஒட்டியிருப்பர். இது குறைந்த நாள்களில் முடியும், விலையும் குறைவு. ஆனால், காலப்போக்கில் பசை உலர்ந்து பொடியாக உதிரும்.

3. எந்திரத்தால் நெய்தது: பின்புற வரிசைகள் மிகவும் ஒரே சீராக இருக்கும். குஞ்சம் பெரும்பாலும் தனியே தைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் வகையும் 'கையால் செய்தது' என்றே விற்கப்படுவதுண்டு. அச்சொல் முற்றிலும் பொய்யன்று. எனினும் முடிச்சுக் கம்பளத்தின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. எளிய விரிப்பை வாங்குவது குறையன்று. வாங்கும் பொருள் எதுவென அறிந்து வாங்குவதே முறை.

அடுத்து இழையை நோக்க வேண்டும். கம்பளி மிதிபட்டாலும் மீண்டும் நிமிரும். பட்டு மென்மையும் பளபளப்பும் உடையது. நடமாட்டம் மிகுந்த இடத்திற்கு ஏற்றதன்று. 'செயற்கைப் பட்டு' எனப்படும் விசுகோசு பளபளக்கும்; ஆனால் நீர் பட்டால் வலுவிழந்து கறைபடும். ஈரமான வெள்ளைத் துணியை அடர்ந்த நிறமுள்ள பகுதியில் சற்று நேரம் அழுத்திப் பார்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரியும்.

வீட்டின் நிலையும் கருதத்தக்கது. தூசியால் மூச்சிரைப்பு வருவோர் உள்ள வீட்டிற்குத் துவைக்கத்தக்க ஜமக்காளமோ துடைக்கத்தக்க கோரைப் பாயோ ஏற்றது. முதியோர் உள்ள வீட்டில் விரிப்பு வழுக்காதபடி அதன் அடியில் வழுக்காத் தாங்குவிரிப்பு இட வேண்டும்.

காத்தல்

கம்பளத்தின் முதற்பகை மணல். காலணியோடு வரும் நுண்மணல் இழைகளின் அடியில் தங்கும். மேலே நடக்கும்போதெல்லாம் அதன் கூர்முனைகள் இழைகளை அறுக்கும். எனவே, கம்பளத்தின்மீது காலணியுடன் நடத்தல் கூடாது. வாரம் ஒருமுறை இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே தூசி உறிஞ்சும் கருவியைச் செலுத்த வேண்டும், குஞ்சத்தின்மீது செலுத்தலாகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கம்பளத்தைக் குப்புறப் போட்டுப் பின்புறத்திலும் கருவியைச் செலுத்தினால், உள்ளே தங்கிய மணல் தரையில் உதிரும். மீண்டும் விரிக்கும்போது தலைமாடு கால்மாடாக மாற்றி விரித்தால், வெயிலும் நடமாட்டமும் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவாகப் படும்.

இரண்டாம் பகை கறை. பாலோ தேநீரோ சிந்தினால் உடனே வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை உள்ளிறங்கும், இழையும் பிரியும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் அது பரவாது. பின்னர்க் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றலாம். சாம்பார் சிந்தினால் கூடுதல் கவனம் தேவை. மஞ்சள் தானே ஒரு சாயம். சவர்க்காரம் பட்டால் அது சிவந்துவிடும். சலவைத்தூளில் உள்ள காரமும் வெந்நீரும் கம்பளியைக் கெடுக்கும். பெரிய கறையை நீக்கும் பணியைக் கம்பளம் வெளுப்போரிடம் ஒப்படைப்பதே நன்று.

மூன்றாம் பகை அந்துப்பூச்சி. கம்பளியை அரிப்பது சிறகுள்ள பூச்சியன்று, அதன் புழுவே. முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே கம்பளியிலும் உள்ளது. அதுவே அப்புழுவின் உணவு. இருளும் அசைவின்மையும் அதற்கு உகந்தவை. கட்டிலின் அடியிலும் அலமாரியின் பின்னும் மறைந்திருக்கும் பகுதியை அடிக்கடி வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். 'அந்துருண்டை' என்னும் சொல்லே இப்பூச்சியை விலக்கும் உருண்டை எனப் பொருள்படும். அது நஞ்சு, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கோடைக்காலத்தில் எடுத்து வைக்கும்போது கம்பளத்தை மடிக்காமல் சுருட்ட வேண்டும். மடித்தால் மடிப்பில் பாவு நூல் முறியும். நன்கு உலர்ந்த கம்பளத்தைப் பருத்தித் துணியால் சுற்ற வேண்டும். நெகிழி உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நெய்த கைகள்

கம்பளத்தைத் திருப்பினால் முடிச்சுகள் தெரியும். முடிச்சிட்டவரின் வயது தெரியாது. இந்தியக் கம்பளத் தறிகளில் நெடுங்காலமாகக் குழந்தைகளும் அமர்த்தப்பட்டனர். வாங்கிய கடனுக்காகப் பெற்றோரைப் பிரிந்து வேற்றூர்த் தறிகளில் உழைத்த சிறுவர் பலர். தறியின் முன் நெடுநேரம் குனிந்து அமர்ந்ததால் அவர்களின் முதுகும் கண்ணும் கெட்டன. கம்பளித் தூசியால் நுரையீரல் நலிந்தது. பள்ளி அவர்களுக்கு எட்டாததாயிற்று.

'சிறு விரல்களே நுண்ணிய முடிச்சை இடும்' என்று இதற்குக் காரணம் கூறப்பட்டது. அது உண்மையன்று. மிக நுண்ணிய கம்பளங்களை நெய்பவர்கள் பல்லாண்டு பயிற்சி பெற்ற பெரியவர்களே. குழந்தைகளை அமர்த்தியதற்கு உண்மையான காரணம், அவர்களுக்குக் கொடுத்த கூலி குறைவு என்பதும் அவர்களால் எதிர்த்துப் பேச இயலாது என்பதுமே.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறையாதோரை அமர்த்தக்கூடாத பணிகளுள் கம்பள நெசவையும் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின் உதவுதல் போன்ற சில விலக்குகளுடன், அவ்வயதுக் குழந்தைகளை எல்லாத் தொழில்களிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. குழந்தைகளை மீட்கப் பாடுபட்ட கைலாசு சத்தியார்த்தியின் முயற்சியால் 1994ஆம் ஆண்டில் 'ரக்மார்க்' என்னும் சான்று முத்திரைத் திட்டம் தொடங்கியது. குழந்தை உழைப்பின்றி நெய்யப்பட்டதா எனத் தறிகளை ஆய்ந்து கம்பளங்களுக்கு முத்திரை வழங்கும் அத்திட்டம் இன்று 'குட்வீவ்' என்னும் பெயரில் இயங்குகிறது. சத்தியார்த்திக்கு 2014ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, மலாலா யூசப்சாயுடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

சட்டமும் முத்திரையும் இருந்தாலும், வாங்குவோர் கேட்கும் வினாவுக்கும் வலிமை உண்டு. 'இது எங்கே நெய்யப்பட்டது? நெய்தவர் யார்? முத்திரை உண்டா?' என்று பலரும் கேட்டால், விற்பவர் அவற்றிற்கு விடை தேடி வைத்தே ஆக வேண்டும். கம்பளத்தை மலிவாக வாங்கிச் சில ஆண்டுகளில் எறிவதைவிட, உரிய விலை கொடுத்து வாங்கிப் பல்லாண்டு காப்பது நெசவாளரின் உழைப்புக்குச் செய்யும் மதிப்பாகும். அவ்விலையில் பெரியவர் ஒருவருக்கு நேர்மையான கூலி கிடைத்தால், அவருடைய குழந்தை தறிக்குச் செல்லாமல் பள்ளிக்குச் செல்லும்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்
ஊடு நூல் – பாவின் குறுக்கே செலுத்தும் நூல்
குஞ்சம் – விரிப்பின் ஓரத்தில் தொங்கும் நூல்தொகுதி
நெகிழி – பிளாஸ்டிக்
நலிந்தது – வலிமை குன்றியது

பயிற்சி

அ. சுருக்கமாக விடை எழுதுக.
1. ஜமக்காளத்திற்கும் கம்பளத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'தாலீம்' என்பது யாது?
3. கறையைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது ஏன்?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. பின்புறத்தைக் கொண்டு மூவகைக் கம்பளங்களையும் வேறுபடுத்தி அறிவது எப்படி?
2. 'சிறு விரல்களே நுண்ணிய முடிச்சை இடும்' என்னும் கூற்று தவறு என்பதை விளக்குக.

இ. கணக்கிடுக.
3 அடி அகலமும் 5 அடி நீளமும் உடைய கம்பளத்தில் சதுர அங்குலத்திற்கு 100 முடிச்சுகள் உள்ளன. மொத்த முடிச்சுகள் எத்தனை? நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் எனில் எத்தனை நாள்கள் ஆகும்?

ஈ. செய்து பார்க்க.
வீட்டிலுள்ள ஒரு தரைவிரிப்பைத் திருப்பிப் பார்த்து, அதன் வகை, இழை, வாங்கிய ஊர் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக. அதற்கு வீட்டில் வழங்கும் தமிழ்ப்பெயரையும் வாழும் ஊரில் வழங்கும் பெயரையும் குறிப்பிடுக.