யார் அந்த மிஸ்டர் எக்ஸ்?

நம்ம பஸ் புதுவாயல் தாண்டும்போது கடைசி சீட்டில் தாளம் போடுபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

2017 தொடக்கத்தில் ‘மறுவார்த்தை’ பாடல் வந்தபோது நாமெல்லாம் ஸ்கூலில் இருந்தோம். இயக்குநர் கௌதம் மேனன், வரிகள் தாமரை, குரல் சித் ஸ்ரீராம். இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘மிஸ்டர் எக்ஸ்’! யாராக இருக்கும்னு ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பல மாதம் கழித்துத்தான் விடை வந்தது: தர்புகா சிவா.

யார் இவர்? ‘யோதகா’, ‘லா பொங்கல்’ என்ற சென்னை இண்டி பேண்டுகளில் தாளம் வாசித்தவர். ரேடியோ ஜாக்கியாகவும் இருந்தார். 2015-ல் ‘ராஜதந்திரம்’ படத்தில் நடித்தார். 2016-ல் ‘கிடாரி’க்கு இசையமைத்தார். 2022-ல் ‘முதல் நீ முடிவும் நீ’ படத்தை இயக்கியதும் அவரே.

அது சரி, தர்புகான்னா என்ன? அரபு நாடுகளில் வாசிக்கும், கோப்பை வடிவ தாள வாத்தியம். தோலின் நடுவில் அடித்தால் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ‘தும்’னு கனமான ஒலி வரும். விளிம்பில் அடித்தால் ‘டெக்’னு கூர்மையான ஒலி. ஒரே தோல்தான், அடிக்கும் இடம் மாறினால் ஒலியே வேற!

அமெரிக்காவிலும் இப்படி ஒருத்தர் உண்டு. ‘ஃப்ளீட் ஃபாக்சஸ்’ பேண்டின் ட்ரம்மர் ஜோஷ் டில்மன், 2012-ல் வெளியே வந்து ‘ஃபாதர் ஜான் மிஸ்டி’ என்ற புதுப் பெயரில் பாட ஆரம்பித்தார். அந்தப் பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கல்ச்சுரல்ஸில் நானும் ட்ரம்ஸ் வாசிப்பேன். மூணு வருஷ ஃபோட்டோ எதிலும் என் முகம் தெரியாது, சிம்பல்தான் தெரியும். ஆனா ட்ரம்மர் ஒரு பீட் விட்டா மொத்தப் பாட்டும் சரியும். பின்னாடி உட்கார்ந்து எல்லோரையும் கவனிப்பவனுக்குப் பாட்டு முழுசா கேட்கும். அவன் இசையமைப்பாளர் ஆவதில் என்ன ஆச்சரியம்?

இப்போ ப்ளேஸ்மெண்ட் சீசன். ரெஸ்யூமில் முதலில் பெயர், அப்புறம் பிராஞ்ச், சிஜிபிஏ. இதையெல்லாம் மறைத்துவிட்டு நம்ம வேலையை மட்டும் காட்டினா யாராவது திரும்பிப் பார்ப்பாங்களா? ‘மறுவார்த்தை’யை, போட்டது யாருன்னு தெரியாமலேதான் ஊரே ரிப்பீட்டில் கேட்டது.

நீங்க ‘மிஸ்டர் எக்ஸ்’னு பெயர் போட்டு எதை வெளியிடுவீங்க? நான் ஒரு டியூன் ஆரம்பிச்சிருக்கேன்.