நிறுவலில் முதல் நாள் போகாமலிருக்க

பைத்தான் மொழிக்கு டெல்லியில் ஆர்வலர்கள் நிறைய. பைத்தான் நிரலர்களின் பைகான் இந்தியா மாநாடு 2016இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், 2017இல் ரோகிணியிலுள்ள ஷஹீத் சுக்தேவ் கல்லூரியிலும் நடந்தது. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் பயிலரங்குகளில் கற்க வருபவர்களின் மடிக்கணினிகளோ ஆளுக்கொரு விதம். ஒன்று நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் வாங்கிய பழையது, இன்னொன்று உபுண்டு லினக்ஸ் போட்டது. பாடம் தொடங்குமுன்பே திரையெங்கும் பிழைச்செய்திகள். பெண்களுக்கான ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகளில் நிறுவலுக்கென்றே முந்தைய நாள் மாலையை ஒதுக்குவது இதனால்தான்.

இன்னொரு வழி, எல்லாம் தயார்நிலையில் உள்ள மெய்நிகர் கணினி. லினக்ஸ், பைத்தான், ஜாங்கோ, தரவுத்தளம் அனைத்தையும் ஆசிரியர் ஒருமுறை நிறுவி, முழுக் கணினியையும் ஒரே கோப்பாக்கித் தந்துவிடுகிறார். இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் அதைத் திறந்தால், உங்கள் விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸ் ஓடும். உள்ளே எதையாவது கெடுத்துவிட்டாலும் விண்டோஸுக்குப் பாதிப்பில்லை. தொடங்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பயமில்லாமல் தப்பு செய்து பார்க்கும் இந்தச் சுதந்திரம்தான் புதியவருக்குப் பெரிய லாபம் என்பேன்.

சிக்கல்களும் உண்டு. அந்த ஒற்றைக் கோப்பு பெரியதாக இருக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் மெய்நிகர் கணினி கிளம்பாமல் போகலாம். 4 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் திணறும். இன்டெல் வகைக்காகச் செய்த கோப்பு, 2020 இறுதி முதல் வந்த எம் வரிசை ஆப்பிள் மடிக்கணினிகளுக்கு ஒத்துவராது.

பலரையும் குழப்புவது வேறொன்று. உள்ளே ஜாங்கோ சர்வர் ஓடுகிறது, பிழையே இல்லை, ஆனால் விண்டோஸின் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை. காரணம், ஜாங்கோ இயல்பாக 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்கிறது. அது அந்த மெய்நிகர் கணினி தனக்குத்தானே பேசும் முகவரி. வெளியிலிருந்து அழைத்தால் கேட்காது. சர்வரை 0.0.0.0:8000 என்று கொடுத்து ஓட்டி, விர்ச்சுவல்பாக்ஸின் போர்ட் ஃபார்வர்டிங்கில் விண்டோஸின் 8000ஐ மெய்நிகர் கணினியின் 8000க்குத் திருப்பிவிட்டால் பக்கம் வந்துவிடும்.

கற்பிப்பவர்கள் வேக்ரன்ட்டைப் பாருங்கள். மிட்செல் ஹஷிமோட்டோ 2010இல் வெளியிட்ட கருவி இது. என்னென்ன நிறுவ வேண்டும் என்பதை ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதிவிட்டால், அதைப் படித்து மெய்நிகர் கணினியைத் தானே அமைக்கும். அடுத்த ஆண்டு ஜாங்கோ பதிப்பு மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் அதற்குத் தேவையான அடிப்படை லினக்ஸ் கோப்பை அரங்கின் வைஃபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால் எதுவும் நகராது. பென்டிரைவில் கொண்டு போங்கள்.

கற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் சிறு இணையதளத்தை முடித்ததும், பைத்தானையும் ஜாங்கோவையும் உங்கள் கணினியிலேயே நீங்களே ஒருமுறை நிறுவிப் பாருங்கள். வேலைக்குச் சேரும் இடத்தில் அதை யாரும் தயார்செய்து தராமல் போகலாம்.