கோடை இரவுகளும் விழித்திருக்கும் ராகங்களும்

புது தில்லி: சென்னைக்கு மார்கழி எப்படியோ அப்படித்தான் வட இந்திய இசை ரசிகர்களுக்குக் குளிர்காலம். டிசம்பரில் குவாலியரில் தான்சேன் விழா, ஜலந்தரில் ஹரிவல்லப் சங்கீத சம்மேளனம், புணேயில் சவாய் கந்தர்வ விழா, ஜனவரியில் கொல்கத்தாவில் டோவர் லேன் மாநாடு, மார்ச்சில் தலைநகரின் கமானி அரங்கில் ஸ்ரீராம் சங்கர்லால் விழா என்று வரிசை கட்டி வரும் நிகழ்ச்சிகள் ஹோலிப் பண்டிகையோடு ஓய்ந்துவிடுகின்றன. ராஜஸ்தானிலிருந்து "லூ" எனப்படும் அனல் காற்று வீசத் தொடங்கியதும், நேரு பூங்கா போன்ற திறந்தவெளி மேடைகள் வெறிச்சோடிப் போகின்றன. வசதி உள்ளவர்கள் மலைவாசஸ்தலங்களுக்குப் புறப்படுகிறார்கள்.

ஆனாலும், தீவிர ரசிகருக்கென ஒரு கோடைக்காலப் பயணத் திட்டம் இருக்கவே செய்கிறது. ஏப்ரலில் காசி, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஏதாவது ஒரு கல்லூரி வளாகம், இடைப்பட்ட நாள்களில் நிஜாமுதீன் தர்காவின் வியாழக்கிழமை கவ்வாலியும் வீட்டு வானொலியும். இந்த மூன்று மாதப் பயணத்தில் ரசிகர் கேட்பது ராகங்களை மட்டுமல்ல. சாஸ்திரீய இசை யாருக்குச் சொந்தம், அதை யார் காப்பாற்றுகிறார்கள், இரவு நேரம் யாருடையது என்ற அரசியல் கேள்விகளும் கூடவே காதில் விழுகின்றன.

ஆறு இரவுகள், நுழைவுச் சீட்டு இல்லை

தில்லியிலிருந்து சிவகங்கா விரைவு ரயிலில் ஓர் இரவு பயணம் செய்தால் காசி. அனுமன் ஜயந்தியை ஒட்டி, அங்குள்ள சங்கட மோசன் ஆலயத்தில் நடைபெறும் சங்கீத விழா 1923-ல் தொடங்கியது. 2023-ல் அது நூறாவது ஆண்டு விழாவைக் கண்டது. துளசிதாசர் நிறுவியதாக மரபு கூறும் ஆலயம் இது. குரங்குகள் மதில்களில் உலவ, பக்தர்கள் கையில் கடலை மாவு லட்டுப் பிரசாதத்துடன் முற்றத்தில் அமர, மாலையில் தொடங்கும் கச்சேரி விடியும்வரை நீள்கிறது. இப்படித் தொடர்ந்து ஆறு இரவுகள்.

இதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது. ரிக்ஷா தொழிலாளியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே தரையில் அமர்ந்து கேட்கலாம். கலைஞர்களும் சன்மானத்தை எண்ணி வருவதில்லை. அனுமன் சன்னிதியில் "ஹாஜிரி" கொடுப்பதாகவே, அதாவது தங்கள் வருகையைப் பதிவு செய்வதாகவே கருதுகிறார்கள். பண்டிட் ஜஸ்ராஜ் ஆண்டுதோறும் தவறாமல் வந்து பாடியவர். கரோனா பொதுமுடக்கம் அமலில் இருந்த 2020 ஏப்ரலில், அமெரிக்காவிலிருந்தபடியே இந்த ஆலயத்துக்காக இணையம் வழியாகப் பாடினார். அதுவே அவருடைய கடைசிக் கச்சேரியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17-ல் அவர் காலமானார்.

ஆலயத்தின் மகந்த் பொறுப்பு பரம்பரை வழியில் வருவது. நீண்டகாலம் அப்பொறுப்பில் இருந்த வீரபத்ர மிஸ்ரா, காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். ஒருபுறம் கங்கையில் நாள்தோறும் நீராடும் பக்தர். மறுபுறம் அதே நீரில் கலக்கும் கழிவை ஆய்வுக்கூடத்தில் அளந்து, நதியைத் தூய்மைப்படுத்த 1982-ல் அறக்கட்டளை தொடங்கிய விஞ்ஞானி. அவர் 2013-ல் மறைந்த பின்னர், மின்னணுவியல் பேராசிரியரான அவரது மகன் விஸ்வம்பர்நாத் மிஸ்ரா பொறுப்பேற்றார். இவர் பக்கவாஜ் வாசிக்கவும் தெரிந்தவர்.

குண்டுவெடிப்புக்குப் பிறகு

இந்த ஆலயத்தின் வரலாற்றில் இருண்ட நாள் 2006 மார்ச் 7. செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் அலைமோதிய மாலை வேளையில், ஆலயத்திலும் காசி ரயில் நிலையத்திலும் குண்டுகள் வெடித்தன. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதக் கலவரம் மூளும் என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. ஆனால், காசி கலவரத்தில் இறங்கவில்லை. வீரபத்ர மிஸ்ரா அமைதி காக்கும்படி வேண்டினார். ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் அந்தக் கொடுஞ்செயலைக் கண்டித்தார். கங்கைக் கரையில் பாலாஜி ஆலயத்தில் அமர்ந்து பயிற்சி செய்து வளர்ந்த இஸ்லாமியர் அவர். 2001-ல் பாரத ரத்னா பெற்ற அவர், குண்டுவெடிப்பு நடந்த அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

இந்தப் பின்னணியில்தான் 2015-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில், பாகிஸ்தானைச் சேர்ந்த கஜல் பாடகர் குலாம் அலி சங்கட மோசன் மேடையில் பாடினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் குண்டு வெடித்த அதே வளாகத்தில், ஒரு பாகிஸ்தான் பாடகரை நள்ளிரவு தாண்டியும் மக்கள் அமர்ந்து கேட்டனர். ஆனால், அதே ஆண்டு அக்டோபரில் மும்பையில் நடைபெறவிருந்த அவரது நிகழ்ச்சி, சிவசேனையின் எதிர்ப்பால் ரத்து செய்யப்பட்டது. பெருநகரத்தின் அரங்கில் முடியாதது ஓர் அனுமன் கோயிலில் முடிந்தது.

குலாம் அலியின் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. அவருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது படே குலாம் அலி கான் மீது குடும்பத்தார் கொண்ட பக்தியினால். பின்னாளில் அந்த மேதையிடமே அவர் சீடராகவும் சேர்ந்தார். பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குச் சென்ற படே குலாம் அலி கான், அங்கு மனம் ஒட்டாமல் திரும்பிவந்து, மொரார்ஜி தேசாயின் உதவியால் 1957-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் இசைக் குடும்பங்களைக் கணக்கில் கொள்ளவில்லை.

எனினும், காசியை மத நல்லிணக்கத்தின் காட்சிப் பொருளாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. பிஸ்மில்லா கான் வாழ்ந்த வீட்டில் அவர் பயிற்சி செய்த அறை இடிக்கப்படுவதாக 2020 ஆகஸ்டில் வெளியான செய்தி இசை உலகை அதிரவைத்தது. நினைவகம் அமைப்போம் என்ற வாக்குறுதிகள் அதற்கு முன்பே பலமுறை அளிக்கப்பட்டவைதான். 2015 டிசம்பரில் யுனெஸ்கோவால் "இசை நகரம்" என அறிவிக்கப்பட்ட ஊரில் நிலைமை இது. இரண்டாண்டுகள் கழித்து அதே பட்டியலில் சென்னையும் இடம்பெற்றது என்பதால், இந்தக் கேள்வி தமிழர்களுக்கும் உரியதே.

காசி தமிழர்களுக்கு அந்நியமான ஊரும் அல்ல. பாரதியார் 1898 முதல் 1902 வரை அனுமன் கட்டத்தில் தன் அத்தை வீட்டில் தங்கிப் பயின்றார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னதாக, முத்துசுவாமி தீட்சிதர் தம் குரு சிதம்பரநாத யோகியுடன் இங்கு சில ஆண்டுகள் வாழ்ந்தார். வட நாட்டு இசையைக் காதாரக் கேட்டதன் பயனை யமுனா கல்யாணி, த்விஜாவந்தி ராகங்களில் அவர் இயற்றிய கிருதிகளில் இன்றும் உணரலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய காசி தமிழ்ச் சங்கமத்தின் அரசியல் நோக்கம் குறித்து மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால், அரசு அழைப்பு எதுவும் இன்றியே இந்த இசைப் பாலம் போடப்பட்டுவிட்டது.

இரவு பத்து மணிக்கு மேல்

காசியில் விழித்திருந்த ரசிகர் தில்லி திரும்பியதும் எண்ணிப் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. ஹிந்துஸ்தானி மரபு ஒரு நாளை எட்டு பிரஹரங்களாக, அதாவது மும்மூன்று மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ராகங்களை வகுத்திருக்கிறது. நண்பகலுக்கு சாரங்க வகை ராகங்கள், நள்ளிரவை நெருங்கும் வேளைக்கு பாகேஸ்ரீ, தர்பாரி, அதன் பின்னர் நம் ஹிந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸ், விடியலுக்கு முன் லலித், விடிந்ததும் பைரவ். கர்நாடக இசையில் இந்தக் கால வரையறை ஏட்டளவில் நின்றுவிட்டது. வடக்கிலோ இன்றும் பெரும்பாலான கலைஞர்கள் அதை மீறுவதில்லை. ஆகவே, மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் நகரக் கச்சேரிகளில் ரசிகர் வாழ்நாள் முழுதும் கேட்பது யமன், பூரியா, பிஹாக் போன்ற சில ராகங்களையே. பின்னிரவு ராகங்கள் ஒலிப்பதிவுகளில் மட்டுமே வாழத் தொடங்கியிருக்கின்றன.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்க மாநில அரசுகளுக்கு 2002-ல் அதிகாரம் தரப்பட்டது. 2005-ல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உறுதி செய்தது. பீம்சேன் ஜோஷி 1953-ல் தொடங்கி, விடிய விடிய நடத்திய சவாய் கந்தர்வ விழா, மாலை நிகழ்ச்சியாகச் சுருங்கியது இந்தச் சூழ்நிலையில்தான்.

சட்டத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால், அந்த வழக்கின் தோற்றுவாயை மறந்துவிடக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் கூக்குரல், அருகில் முழங்கிய ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனது என்ற செய்தியே அந்தப் பொதுநல மனுவுக்குத் தூண்டுகோல். நோயாளிகளும் மாணவர்களும் உறங்குவதற்கு உரிமை உள்ளவர்கள்தாம். திருமண ஊர்வலங்களும் அரசியல் கூட்டங்களும் எழுப்பிய பேரிரைச்சலுக்கு விலையாக, அதிக ஓசையே தேவைப்படாத தம்பூராவின் இரவு பறிபோனது என்பதுதான் இதிலுள்ள முரண். மூடிய அரங்குகளை நள்ளிரவுக்குப் பிறகும் குறைந்த வாடகைக்குத் திறந்துவிட அரசுகள் முன்வந்தால், உறக்கமும் கெடாது, ராகங்களும் பிழைக்கும்.

கல்லூரி வளாகத்தில் குருகுலம்

மே மாதக் கடைசியில் ரசிகரின் பயணம் வேறொரு திசையில் திரும்புகிறது. தில்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் 1977-ல் தொடங்கிய "ஸ்பிக் மெக்கே" இயக்கம், கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஒரு வார கால மாநாட்டை நடத்தி வருகிறது. 2023-ல் நாகபுரி, 2025-ல் ஹைதராபாத் ஐஐடி என இடம் மாறும், நடைமுறை மாறாது. அதிகாலை 4 மணிக்கு எழுதல், யோகப் பயிற்சி, எளிய சைவ உணவு, முறைவைத்துச் செய்யும் உடலுழைப்பு, குருமார்களிடம் நேரடிப் பயிற்சி. பெரும்பாலும் இறுதி நாளில் விடிய விடியக் கச்சேரி. நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த மாணவர்கள் பாய் விரித்து அமர்ந்து, பலர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, பின்னிரவு ராகத்தை அதற்குரிய வேளையில் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் படித்த காலத்தில், நியூயார்க்கில் டாகர் குடும்பத்தாரின் துருபத் கச்சேரியைக் கேட்டதே தம்மை மாற்றியது என்று கிரண் சேத் பலமுறை கூறியிருக்கிறார். எழுபது வயதைக் கடந்த நிலையில், 2022 ஆகஸ்ட் 15-ல் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் அவர் புறப்பட்டது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. தொண்டர்களின் உழைப்பாலும், அரசு மற்றும் நிறுவனங்களின் நிதியுதவியாலும் நடைபெறும் இயக்கம் இது. பள்ளிப் பாடத்திட்டம் இசைக்கு இடம் தர மறுத்ததால் ஏற்பட்ட வெற்றிடத்தை ஒரு தன்னார்வ இயக்கம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே இதைப் பாராட்ட வேண்டும்.

தனிமையில் கேட்பது

பயணங்கள் முடிந்த ஜூன் மாதப் பிற்பகல்களில், ரசிகருக்குத் துணை வானொலிதான். அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், 1952 ஜூலையில் தொடங்கிய அகில பாரத சங்கீத நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவுகளில் தஞ்சாவூர்க்காரரை பாட்டியாலாப் பாணிக்கும், லக்னௌகாரரை நாகஸ்வரத்துக்கும் அறிமுகம் செய்தது. நுழைவுச் சீட்டு வாங்க இயலாதவருக்கும் மேதைகளின் இசை வீடு தேடி வந்தது. திரையிசைக்கு அவர் போட்ட தடைக்காக கேஸ்கரை விமர்சிப்போர் உண்டு. ஆனால், சாஸ்திரீய இசையைக் குடிமக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்தாக அரசு கருதிய காலம் அது. 2016 ஜனவரியில் தொடங்கப்பட்ட 24 மணி நேர "ராகம்" ஒலிபரப்பும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

வட இந்தியக் கோடைக்குத் தொடக்கமும் முடிவும் பாட்டில்தான். சைத்ர மாதத்தில் காசியில் ஒலிக்கும் "சைத்தி" பாடல்களுடன் வெயில் ஏறுகிறது. சாவன் மாத மழையில் "கஜரி" பாடல்களுடன் அது தணிகிறது. இரண்டையும் நாட்டுப்புறத்திலிருந்து கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவரான கிரிஜா தேவி 2017-ல் மறைந்தார். காசியின் குரலாக விளங்கிய சன்னுலால் மிஸ்ராவும் 2025 அக்டோபரில் காலமானார்.

மேதைகள் மறைவது இயற்கை. அவர்கள் பாடிய முற்றங்களும், விழித்திருந்து கேட்ட இரவுகளும், சீட்டு கேட்காத வாசல்களும் மறையாமல் காப்பது சமூகத்தின் கையில் உள்ளது. விருதுகளை வழங்கிவிட்டு இடங்களைக் கைவிடும் போக்கை அரசுகள் மாற்றிக்கொள்ளாவிட்டால், வரும் தலைமுறை ரசிகர் மால்கௌன்ஸை கைப்பேசியில் மட்டுமே, அதுவும் பட்டப்பகலில், கேட்க நேரிடும்.